கெடுபிடியான ஃபயர்வாலைத் தாண்டி வீட்டு ரவுட்டரின் விபிஎன் வேலை செய்ய: முழுமையான வழிகாட்டி

வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய, வீட்டு ரவுட்டரில் விபிஎன் சர்வர் போட்டாயிற்று. மொபைல் டேட்டாவில் உடனே இணைகிறது. ஆனால் காலேஜ் ஹாஸ்டல் வைஃபையிலோ, ஓட்டல் அறையிலோ, ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்ந்திருக்கும்போதோ 'இணைக்கிறது' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. உங்கள் சர்வரில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. எதை விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் அந்த இடத்து ஃபயர்வால்தான் வழிவிடவில்லை.

பலருக்கு இதை அமைத்துக் கொடுத்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: வரிசை தப்பினால்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அடிப்படை விபிஎன் ஓடுகிறதா என்றே பார்க்காமல் நேராக போர்ட் 443 (போர்ட் என்பது ஒவ்வொரு சேவைக்குமான வாசல் எண்), ஸ்டன்னல் (விபிஎன்னை வேறு உறைக்குள் வைத்து அனுப்பும் நிரல்) என்று ஏறிவிடுவார்கள். அப்புறம் இணையாதபோது தவறு எந்த அடுக்கில் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே உள்ள வரிசையில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று போங்கள்.

இங்கே ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். வயர்கார்ட் என்ற இன்னொன்று வேகமானது, அமைப்பதும் எளிது. ஆனால் அது யுடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) மட்டுமே ஓடும். யுடிபியை அடைத்துவிட்ட இடத்தில் அதனால் பயனில்லை. ஓப்பன்விபிஎன் யுடிபி, டிசிபி (சேராததை மறுபடி அனுப்பும் முறை) இரண்டிலும் ஓடும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஓப்பன்விபிஎன் சர்வர் உள்ள ரவுட்டர் வேண்டும். டிபி-லிங்க், ஏசுஸ் ரவுட்டர்களில் பல மாடல்களின் மெனுவிலேயே இது இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போட்ட ரவுட்டர் என்றால் இன்னும் நல்லது. 8-ஆம் படியில் சொல்லும் வேலைகளுக்கு அது தேவைப்படும்.

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு, இணைய நிறுவனம் வைத்துவிட்டுப் போன ஃபைபர் பெட்டியின் பாஸ்வேர்டு, மொபைல் டேட்டா உள்ள ஒரு போன், ஒரு லேப்டாப். இவை போதும்.

ரவுட்டரின் நேரம் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் பழைய தேதிக்குப் போய்விடும். இணையத்திலிருந்து நேரம் வாங்கிய பிறகுதான் சரியாகும். தேதி தவறாக இருக்கும்போது சான்றிதழ் (கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் கோப்பு) உருவாக்கினால் அதன் செல்லுபடிக் காலமும் தவறாகவே பதியும். இணையத்திலிருந்து நேரம் வாங்கும் என்டிபியை இயக்கி, நேர மண்டலத்தைச் சரியாக வையுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அலுவலக லேப்டாப்பில் அலுவலகத்தின் விதியை மீறி இதைப் போடாதீர்கள், வேலைக்கே ஆபத்து. வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் அந்நாட்டுச் சட்டத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஐபி முகவரியை மறைத்துக் குற்றம் செய்வதற்கென்றே தனித் தண்டனை இருக்கிறது.

2. வெளியிலிருந்து உங்கள் வீட்டைத் தொட முடியுமா?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதுதான். இது சரியில்லை என்றால் மீதிப் படிகள் எல்லாம் வீண்.

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்று ஒரு எண், அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, இருக்கும். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே 'என் ஐபி என்ன' என்று கூகுளில் தேடி, அது காட்டும் ஐபிவி4 எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றானால் நல்ல செய்தி. அடுத்த படிக்குப் போகலாம்.

வான் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் இணைப்பு எந்த வீட்டுக்கு என்று அப்படிப் பகிர்ந்து கொடுக்கும் நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பலன் இருக்காது. இணைய நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி கேளுங்கள்; கூடுதல் கட்டணத்தில் பலர் தருகிறார்கள். தரவில்லை என்றால் வெளியே ஒரு சிறிய விபிஎஸ், அதாவது இணையத்தில் இருக்கும் சர்வர், வாடகைக்கு எடுத்து, உங்கள் ரவுட்டரே அதனுடன் போய் இணைகிற மாதிரி அமைக்க வேண்டும். அது வேறு அமைப்பு. இந்த வழிகாட்டியில் வராது.

புதிய வகை முகவரியான ஐபிவி6-இல் பொது முகவரி கிடைக்கிறதே, அதை வைத்துச் செய்யலாமா என்று கேட்பார்கள். மொபைல் டேட்டாவிலிருந்து வேலை செய்யலாம். ஆனால் கெடுபிடியான ஹாஸ்டல், அலுவலக வைஃபைகளில் பெரும்பாலும் ஐபிவி6-ஏ இருக்காது. நாம் தாண்ட நினைக்கும் இடத்தில் அது கை கொடுக்காது.

வான் ஐபி 192.168 என்று தொடங்கினால், அநேகமாக ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது; உங்கள் ரவுட்டர் அதற்குப் பின்னால் இரண்டாவதாக நிற்கிறது. ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், ஃபைபர் பெட்டியிலிருந்து உங்கள் ரவுட்டருக்கு போர்ட் ஃபார்வர்டு (ஒரு போர்ட்டுக்கு வருவதைத் திருப்பிவிடும் விதி) போட்டுக்கொள்ளுங்கள். முதலாவதுதான் சுத்தம், கோளாறு வந்தால் தேட வேண்டிய இடம் ஒன்று குறையும்.

பொது ஐபி இருந்தும் அது அடிக்கடி மாறினால், மாறும் ஐபியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் தேவை. ஒரு எச்சரிக்கை: இலவச டைனமிக் டிஎன்எஸ் பெயர்களை ஒரு வகையாகவே சேர்த்துத் தடுக்கும் ஃபயர்வால்கள் உண்டு. சொந்த டொமைன் ஒன்று வாங்கி அதில் ஒரு துணைப்பெயரை வீட்டுக்குக் காட்டினால் இந்தத் தொல்லை வராது.

3. வீட்டு நெட்வொர்க் எண்ணை மாற்றுங்கள்

பெரும்பாலான ரவுட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்ற எண்ணோடு வருகின்றன. நீங்கள் போய் உட்காரும் ஓட்டலிலும் அதே எண்தான் இருக்கும். விபிஎன் இணைந்தாலும், வீட்டு நாஸ் (கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) 192.168.1.20-ஐத் தேடும்போது லேப்டாப் அதை ஓட்டல் வைஃபைக்குள்ளேயே தேடும். 'இணைந்துவிட்டது, ஆனால் எதுவும் திறக்கவில்லை' என்று வரும் புகார்களில் கணிசமானவை இதுதான்.

வீட்டு நெட்வொர்க்கை 192.168.87 போல யாரும் வைக்காத ஒன்றுக்கு மாற்றுங்கள். கேமரா, பிரிண்டர் போன்றவற்றுக்குக் கையால் ஐபி கொடுத்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டிவரும். அதனால்தான் இதைச் சான்றிதழ் உருவாக்குவதற்கு முன்னாலேயே செய்யச் சொல்கிறேன். பின்னால் மாற்றினால் போன், லேப்டாப்பில் போடும் எல்லாக் கிளையன்ட் கோப்புகளையும் மறுபடி தொட நேரிடலாம்.

4. முதலில் சாதாரணமாக ஓடவிடுங்கள்

இந்தப் படியில் ஃபயர்வாலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். யுடிபி, போர்ட் 1194, இயல்பான அமைப்பு. விபிஎன்னுக்கான உள் எண் 10.8.0.0 என்றே இருக்கட்டும்.

டிபி-லிங்க்கில் அட்வான்ஸ்டு பகுதியில் விபிஎன் சர்வர் இருக்கும். அங்கே முதலில் சான்றிதழை உருவாக்க வேண்டும். அதற்குச் சில நிமிடம் ஆகும், பொறுமையாக இருங்கள். நடுவில் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி அழுத்துகிறவர்கள் உண்டு, வேண்டாம். பிறகு சேமித்து, கிளையன்ட் கோப்பை ஏற்றுமதி செய்யுங்கள்.

ஓப்பன்டபிள்யூஆர்டி என்றால் சான்றிதழோடு டிஎல்எஸ்-கிரிப்ட் சாவியையும் (இணைப்பின் தொடக்கப் பேச்சைக் காப்பது) இப்போதே உருவாக்கி இரு பக்கமும் சேர்த்துவிடுங்கள். பழைய டிஎல்எஸ்-ஆத் தொடக்கப் பேச்சுக்கு முத்திரை மட்டும்தான் வைக்கும். டிஎல்எஸ்-கிரிப்ட் அதை மறைத்தே அனுப்பும். ஓப்பன்விபிஎன் 2.4 முதல் இது இருக்கிறது. டிஎல்எஸ்-ஆத்துக்கு ஒரு பக்கம் 0, மறு பக்கம் 1 என்று திசை எண் தருவோம். டிஎல்எஸ்-கிரிப்ட்டுக்கு அது கிடையாது. பழைய கோப்பைப் பார்த்து நகலெடுப்பவர்கள் அந்த எண்ணையும் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள்.

அமுக்கும் வசதி, அதாவது கம்ப்ரஷன், இரு பக்கமும் அணைந்திருக்கட்டும். குறியாக்கத்துக்கு முன் தரவை அமுக்குவதால் ரகசியம் கசிய முடியும் என்பது 2018-இல் வோராக்கிள் தாக்குதல் மூலம் காட்டப்பட்டது. ஒரு பக்கம் அமுக்கி, மறு பக்கம் அமுக்காமல் இருந்தாலும் இணைப்பு வரும், தரவு போகாது.

இப்போது போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் இணைத்துப் பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்தபடியே சோதிக்காதீர்கள். வீட்டுக்குள்ளிருந்து தன் வெளி முகவரிக்கே திரும்பி வருவதைப் பல ரவுட்டர்கள் ஏற்பதில்லை. நன்றாக ஓடும் சர்வரும் ஓடாத மாதிரி தெரியும்.

இணைந்த பிறகு ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நாஸையோ கேமராவையோ திறந்து பாருங்கள். இரண்டும் சரி என்றால், இந்த நிலையை பேக்கப் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

5. டிசிபி 443-க்கு மாற்றுவது

443 என்பது பாதுகாப்பான இணையதளங்கள் ஓடும் போர்ட். வங்கித் தளம், மின்னஞ்சல் எல்லாம் அதில்தான் போகின்றன. எவ்வளவு கெடுபிடி இருந்தாலும் டிசிபி 443-ஐ முழுக்க அடைத்தால் அந்த வைஃபையால் யாருக்கும் பயனில்லை. அதனால்தான் எல்லோரும் இந்த எண்ணைப் பிடிக்கிறோம். ப்ராக்ஸி என்ற இடை சர்வர் வழியாக மட்டும் இணையம் தரும் இடங்களில் இது இன்னும் முக்கியம்: பல ப்ராக்ஸிகள் நேரடிக் குழாய் போட 443-க்கு மட்டுமே அனுமதி தரும்.

மாற்றும் முன், 443-இல் வீட்டில் ஏற்கெனவே எது உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ரவுட்டரின் அட்மின் பக்கமே அதில் இருக்கலாம். அதை 8443-க்கு நகர்த்துங்கள். ஏசுஸில் ஏஐகிளவுட் வசதியை இயக்கியிருந்தால் அதுவும் 443-ஐப் பிடித்திருக்கும். நாஸுக்கு யாராவது முன்பு போர்ட் ஃபார்வர்டு போட்டிருப்பார்கள். அது நினைவிலேயே இருக்காது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விபிஎன் சர்வர் தொடங்காது, அல்லது தொடங்கியும் இணைப்பு அதனிடம் வந்து சேராது.

இந்தச் சாக்கில் இன்னொன்றையும் செய்துவிடுங்கள்: அட்மின் பக்கத்தை வெளியிலிருந்து திறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விபிஎன் வந்த பிறகு அது தேவையே இல்லை.

சாதாரண ரவுட்டரில் புரோட்டோகாலை டிசிபி என்றும் போர்ட்டை 443 என்றும் மாற்றிச் சேமித்து, கோப்பைப் புதிதாக ஏற்றுமதி செய்யுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியில் பழைய யுடிபி சர்வரை விட்டுவிட்டு, டிசிபிக்கு இரண்டாவதாக ஒன்று சேர்ப்பதே நல்லது. இரண்டாவதற்கு 10.9.0.0 என்று வேறு உள் எண் கொடுங்கள். ஒரே எண்ணை இரண்டுக்கும் கொடுத்தால் பதில் எந்த வழியில் போவது என்று குழம்பும். வான் பக்கத்திலிருந்து டிசிபி 443-ஐ ஏற்கும் ஃபயர்வால் விதியையும் சேருங்கள். புதிய விபிஎன் இடைமுகத்தை லான் (வீட்டு உள் நெட்வொர்க்) மண்டலத்தில் சேர்ப்பதையும் மறக்காதீர்கள். அதை விட்டால் இணையும், வீட்டுக்குள் எதுவும் திறக்காது.

யுடிபி 443-ஐயும் முயன்று பார்க்கலாம். இன்றைய பிரவுசர்கள் எச்டிடிபி/3-க்கு அதைப் பயன்படுத்துவதால் சில இடங்களில் திறந்தே கிடக்கும், டிசிபியைவிட வேகமும் வரும். யுடிபி 443-உம் டிசிபி 443-உம் தனித்தனி, ஒன்றோடொன்று மோதாது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் வெளியிலிருந்து வரும் யுடிபி 443-ஐ 1194-க்குத் திருப்பிவிட்டால் போதும், இன்னொரு சர்வர் வேண்டாம்.

மறுபடி மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். 1194-இல் ஓடியது 443-இல் ஓடவில்லை என்றால், உங்கள் இணைய நிறுவனமே வீட்டு இணைப்புக்கு உள்ளே வரும் 443-ஐ அடைத்திருக்கக்கூடும். ஒரே மாற்றமாகச் செய்ததால்தான் இதை இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடிகிறது. அப்படி அடைத்திருந்தால், மின்னஞ்சலுக்கான 993-ஐ முயலலாம். 443 அளவுக்கு எல்லா இடத்திலும் திறந்திருக்காது.

6. கிளையன்ட் கோப்பைத் திருத்துங்கள்

ஏற்றுமதி செய்த கோப்பைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறங்கள். 'ரிமோட்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். சில ரவுட்டர்கள் அங்கே அன்றைய ஐபியை எழுதிவிடும். ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் இருந்தால் 192.168 என்ற உள் எண்ணையே எழுதிவிடும். அதை அழித்து உங்கள் டொமைன் பெயரைப் போடுங்கள்.

இரண்டு சர்வர் இருந்தால் ரிமோட் வரியை மூன்று முறை எழுதலாம்: முதலில் யுடிபி 1194, அடுத்து யுடிபி 443, கடைசியில் டிசிபி 443. கிளையன்ட் மேலிருந்து ஒவ்வொன்றாக முயலும். ஒவ்வொரு முயற்சிக்கும் 10 விநாடி என்று காத்திருப்பு நேரத்தையும் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் வரியிலேயே இரண்டு நிமிடம் வரை நிற்கும். ஆட்கள் அதற்குள் பொறுமை இழந்து நிறுத்திவிடுகிறார்கள்.

ப்ராக்ஸி உள்ள இடத்துக்குத் தனிக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதில் டிசிபி 443 வரி மட்டும், கூடவே எச்டிடிபி-ப்ராக்ஸி வரியில் அந்த இடத்து ப்ராக்ஸியின் முகவரியும் போர்ட்டும்.

ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சான்றிதழ் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். போன் தொலைந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம். இந்தக் கோப்புக்குள் உங்கள் வீட்டுச் சாவியே இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

7. தடை உள்ள இடத்தில் எதை முதலில் பார்ப்பது?

முதலில் பிரவுசரைத் திறந்து அந்த வைஃபையின் லாகின் பக்கத்தை முடியுங்கள். விபிஎன் தானாக இணையும்படி வைத்திருந்தால் அந்த லாகின் பக்கமே வராது. விபிஎன்னும் இணையாது, இணையமும் வராது. அணைத்து, லாகின் செய்து, பிறகு இயக்குங்கள்.

அடுத்து, உங்கள் டொமைன் பெயர் சரியான ஐபியைத் தருகிறதா என்று பாருங்கள். தராவிட்டால் ரிமோட் வரியில் ஐபியையே நேராகப் போட்டு முயலுங்கள். இணைந்தால் தடை பெயரில் இருக்கிறது, போர்ட்டில் இல்லை.

அதுவும் சரி என்றால், பிரவுசரில் உங்கள் வீட்டு முகவரியை எச்டிடிபிஎஸ் போட்டுத் திறங்கள். பக்கம் திறக்காது, திறக்கவும் கூடாது. எப்படித் திறக்காமல் போகிறது என்பதைத்தான் பார்க்கிறோம். சட்டென்று பிழை வந்தால் பெரும்பாலும் நீங்கள் வீடு வரை போய்விட்டீர்கள். நெடுநேரம் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்று வந்தால் வழியிலேயே விழுகிறது. தடை பற்றிய அறிவிப்புப் பக்கம் வந்தால் சந்தேகமே இல்லை.

அதே நேரத்தில் வீட்டில் இருப்பவரை ரவுட்டர் பக்கத்தில் உட்காரவைத்து, 'தம்பி, லாக்குல இப்ப புதுசா ஏதாவது வரி வந்துச்சா?' என்று கேளுங்கள். வந்திருந்தால் போர்ட் திறந்திருக்கிறது. அதற்குப் பின்னும் விபிஎன் இணையவில்லை என்றால், ஃபயர்வால் உள்ளடக்கத்தைப் பார்த்து வெட்டுகிறது. அப்போதுதான் 8-ஆம் படி. வரி எதுவும் வராத நிலையில் 8-க்குப் போவது நேர விரயம்.

8. ஃபயர்வால் உள்ளே எட்டிப் பார்த்தால்

443-இல் ஓடுவதாலேயே ஓப்பன்விபிஎன் இணையதளம் மாதிரி ஆகிவிடாது. தளத்துக்குப் போகும் இணைப்பு டிஎல்எஸ் (பாதுகாப்பான தளங்கள் பயன்படுத்தும் குறியாக்க முறை) வணக்கத்தோடு தொடங்கும். ஓப்பன்விபிஎன் டிசிபியில் தன் நீளத்தையும் வகை எண்ணையும் சொல்லித் தொடங்கும். டிஎல்எஸ்-கிரிப்ட் மற்றதை மறைத்தாலும் இந்தத் தொடக்கம் மாறாது. 443-இல் டிஎல்எஸ் தவிர வேறு எதையும் விடாத ஃபயர்வால் இதைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடும்.

லேப்டாப்புக்கு மட்டும் வேண்டும் என்றால் ஸ்டன்னல் போதும். சாதாரணத் தபாலைப் பதிவுத் தபால் உறைக்குள் போட்டு அனுப்புவது போல, ஓப்பன்விபிஎன்னை உண்மையான டிஎல்எஸ் உறைக்குள் வைத்து அனுப்பும். ரவுட்டரில் ஸ்டன்னல் 443-இல் கேட்டு, உள்ளே 127.0.0.1-இன் (அதே கருவியைக் குறிக்கும் முகவரி) 1194-க்கு அனுப்ப வேண்டும். அங்கே கேட்பது டிசிபி சர்வராக இருக்க வேண்டும். அதாவது 5-ஆம் படியில் 443-இல் வைத்த சர்வரை டிசிபி 1194-க்கு நகர்த்துங்கள். யுடிபி 1194 அப்படியே இருக்கலாம். லேப்டாப்பிலும் ஒரு ஸ்டன்னல். ஓப்பன்விபிஎன்னின் ரிமோட் வரி இப்போது 127.0.0.1.

எல்லா இணையப் போக்குவரத்தையும் விபிஎன்னில் திருப்புகிறவர்கள் இங்கே கட்டாயம் விழுவார்கள். வழக்கமாக ஓப்பன்விபிஎன், சர்வரின் வெளி ஐபிக்கு மட்டும் தனி வழி போட்டுவிட்டு மீதியைத் திருப்பும். இப்போது அதன் கண்ணுக்கு சர்வர் 127.0.0.1. அதனால் வீட்டின் உண்மையான ஐபிக்கு வழி போடாது. ஸ்டன்னலின் போக்குவரத்தே விபிஎன்னுக்குள் நுழைந்து சுற்றிச் சுற்றி நின்றுவிடும். இணைந்த சில விநாடிகளில் எல்லாம் உறைந்தால் காரணம் இதுதான். கிளையன்ட் கோப்பில் 'ரவுட்' வரி ஒன்று சேர்த்து, வீட்டு ஐபியை நெட்-கேட்வே (விபிஎன் இல்லாத வழக்கமான வழி) வழியாக, 255.255.255.255 மாஸ்க்கோடு (அந்த ஒரு முகவரிக்கு மட்டும்) அனுப்பச் சொல்லுங்கள்.

போனுக்கும் வேண்டும் என்றால் நான் ஸ்டன்னலைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐபோனில் இரண்டு செயலிகளை இப்படி ஒருசேர ஓட்டுவது நடைமுறையில் சரிவராது. அதற்குப் பதில் ஓப்பன்டபிள்யூஆர்டியில் ஓசெர்வ் போடுங்கள். ஓப்பன்கனெக்ட் என்ற விபிஎன் வகையின் சர்வர் அது. இயல்பிலேயே டிஎல்எஸ் 443-இல் ஓடும், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி உண்டு. மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருந்தால் அதிலேயே டிஎல்எஸ் வழியே ஓடும் எஸ்எஸ்டிபி விபிஎன் சர்வர் இருக்கிறது, விண்டோஸில் அதற்கான கிளையன்ட் கூடவே வருகிறது.

சில இடங்களில் ஃபயர்வால் டிஎல்எஸ் இணைப்பையே தன் சான்றிதழை வைத்துத் திறந்து படிக்கும். சில இடங்களில் பட்டியலில் உள்ள தளங்களை மட்டுமே விடும். அங்கே வீட்டில் எதை மாற்றினாலும் நடக்காது. சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்தாதீர்கள். சரிபார்ப்பை அணைத்து இணைக்கவும் முயலாதீர்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள்.

9. வேகம் குறைந்தால்

டிசிபிக்குள் டிசிபி போகும்போது, வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் உள்ளே இருப்பதும் மறுபடி அனுப்பும், வெளியே இருப்பதும் மறுபடி அனுப்பும். மோசமான வைஃபையில் இது சேர்ந்து சேர்ந்து இணைப்பையே திணறடிக்கும். இதை எந்த அமைப்பாலும் முழுக்கச் சரிசெய்ய முடியாது. யுடிபி கிடைக்கும் இடத்தில் யுடிபிதான். ரிமோட் வரிகளில் அதை மேலே வைத்தது அதற்குத்தான்.

வீட்டு நாஸும் கேமராவும் மட்டும் போதும் என்றால் எல்லாப் போக்குவரத்தையும் திருப்பாதீர்கள். திருப்பினால் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வீடியோவும் வீட்டின் அப்லோடு வேகத்துக்குள் அடங்க வேண்டும். ரவுட்டரின் பிராசஸரும் ஒரு எல்லை. வழக்கமான குறிமுறையான ஏஇஎஸ்ஸுக்கு வன்பொருள் உதவி இல்லாத ரவுட்டரில் சாச்சா20-பாலி1305 குறிமுறை பெரும்பாலும் வேகமாக ஓடும், ஓப்பன்விபிஎன் 2.5 முதல் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

10. ஓடிக்கொண்டிருந்தது ஒருநாள் நின்றால்

'60 விநாடிக்குள் டிஎல்எஸ் சாவிப் பேச்சு முடியவில்லை' என்ற பொருளில் வரி வந்தால், பாக்கெட்டுகள் போய்ச் சேரவில்லை அல்லது திரும்பி வரவில்லை. ஐபி மாறியிருக்கும், சிஜிநாட்டுக்கு மாற்றியிருப்பார்கள், போர்ட் அடைந்திருக்கும். 2-ஆம் படியிலிருந்து மறுபடி பாருங்கள். டிஎல்எஸ்-கிரிப்ட் சாவி இரு பக்கமும் பொருந்தாவிட்டாலும் சர்வர் பதிலே பேசாது. யுடிபியில் அதே வரிதான் வரும்.

சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வந்தால் ரவுட்டரின் கடிகாரம். காலாவதி என்று வந்தால் தேதியைப் பாருங்கள்: சான்றிதழ் உருவாக்கும் கருவியான ஈசி-ஆர்எஸ்ஏ இயல்பாகத் தரும் சான்றிதழுக்கு ஆயுள் 825 நாள்தான்.

ஒரே நாளில் எல்லாக் கருவிகளும் சேர்ந்து நின்றுபோனால் ரத்துப் பட்டியலைச் சந்தேகப்படுங்கள். தொலைந்த போனின் சான்றிதழை ரத்து செய்தபோது உருவாக்கிய அந்தக் கோப்புக்கும் காலாவதி உண்டு. ஈசி-ஆர்எஸ்ஏவில் இயல்பாக 180 நாள். அது முடிந்தால் சரியான சான்றிதழ் வைத்திருப்பவரையும் சர்வர் சேர்க்காது. பட்டியலைப் புதிதாக உருவாக்கி ரவுட்டரில் பழையதன் இடத்தில் வைத்து, அடுத்த காலாவதிக்கு ஒரு வாரம் முன்னதாகப் போனில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.